ஹாரன் சத்தம் இல்லாத ஒரு பாதை

அப்பா அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜூலையில் ஒரு நாள் காலை, என் சைக்கிளை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே கிளம்பிவிட்டார்.

நாங்கள் இருப்பது ஓஹாயோ மாநிலத்தில், கிளீவ்லாண்டுக்குத் தெற்கே ஒரு புறநகர்ப் பகுதி. எங்கள் குடியிருப்புக்குள் தெருக்கள் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தெருவைத் தாண்டினால் கார்கள் 45 மைல் வேகத்தில் பறக்கிற ரோடு. ஓரத்தில் நடைபாதை கிடையாது. ஒரு வெள்ளைக்கோடு, அதற்கு அந்தப் பக்கம் புல் முளைத்த பள்ளம், அவ்வளவுதான். இந்திய மளிகைக்கடை அந்த ரோட்டில் மூன்று மைல் தள்ளி இருக்கிறது.

அப்பா சேரன்மகாதேவிப் பக்கம் தபால்காரராக இருந்தவர். முப்பத்து நான்கு வருடம் வெயில், மழை பார்க்காமல் சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். அவருக்கு மூன்று மைல் எல்லாம் ஒரு தூரமே இல்லை. கொத்தமல்லிக்கட்டு வாங்கப் போனவரை, பாதி வழியில் ஒரு பிக்கப் டிரக் உரசுகிற மாதிரி வந்து நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போயிருக்கிறது. அப்பா பள்ளத்தில் விழுந்துவிட்டார். பின்னால் காரில் வந்த ஒரு அம்மா நிறுத்தி, அவர் சட்டைப்பையில் நான் எழுதி வைத்திருந்த நம்பருக்குப் போன் செய்தார்.

போய்ப் பார்த்தால் முழங்கையில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. அதைப் பார்த்த நிம்மதியில் எனக்குக் கோபம்தான் வந்தது. "இது உங்க ஊரு இல்லப்பா! சொன்னா கேக்க மாட்டீங்களா? ஏதாவது ஆயிருந்தா யாரு பதில் சொல்றது?" என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து சைக்கிளைத் துடைத்து, இருந்த இடத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு அவர் வெளியே போகவே இல்லை. ஜன்னலோர நாற்காலி, யூடியூப் செய்திகள், மதியம் ஒரு தூக்கம். பெற்றோரை இங்கே அழைத்து வந்து வைத்திருப்பவர்களுக்கு அந்த நாற்காலி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் வீட்டிலும் ஒன்று இருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு எழுபது வயது, ஊரில் தனியாக இருக்கிறார். நான் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டேன், அவருக்காக கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஐ-130 படிவத்தை முக்கால்வாசி நிரப்பி மேஜை டிராயரில் வைத்திருந்தேன். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று கேட்க வேண்டும். அந்த ஹாரனுக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

செப்டம்பரில் ஆபீஸில் உடன் வேலை செய்பவர் ஒருவர் தன் வார இறுதிப் பயணத்தைப் பற்றிச் சொன்னார். "மூணு நாள் சைக்கிள் ஓட்டினோம், பக்கத்தில் ஒரு கார்கூட வரவில்லை" என்றார். அந்த ஒரு வரிதான் எனக்குக் காதில் விழுந்தது.

ரயில் போன தடம்

அவர் சொன்ன பாதையின் பெயர் கிரேட் அலெகேனி பாஸேஜ். பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருந்து மேரிலாந்தின் கம்பர்லாண்ட் வரை 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். கம்பர்லாண்டில் இருந்து 184.5 மைல் நீளமுள்ள பழைய கால்வாய்க்கரைப் பாதை ஒன்று வாஷிங்டன் வரை போகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். நாங்கள் அந்த ரகம் இல்லை.

இதன் பெரும்பகுதி பழைய ரயில் தடம். வெஸ்டர்ன் மேரிலாந்து ரயில்வே 1912இல் கம்பர்லாண்டில் இருந்து கனெல்ஸ்வில் வரை இந்த மலைகளுக்கு ஊடே தண்டவாளம் போட்டது. நிலக்கரியும் கோக்கும் சுமந்த ரயில்கள் அறுபது வருடத்துக்கு மேல் ஓடின. 1975இல் தடம் கைவிடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தபின் காடு மூடத் தொடங்கிய தடத்தை, உள்ளூர் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டார்கள். 1986இல் ஒஹாயோபைல் பக்கம் முதல் துண்டு திறந்தது. பிட்ஸ்பர்க் அருகே கடைசித் துண்டு சேர்ந்தது 2013இல்தான். ஒரு பாதை முழுமையடைய இருபத்தேழு வருடம்! இன்றும் விழுந்த மரத்தை அறுத்து எடுப்பது, புல் வெட்டுவது என்று தன்னார்வலர்கள்தான் நிறைய வேலை செய்கிறார்கள்.

ரயில் தடம் என்பதால் நமக்கு ஒரு பெரிய வசதி. பாரம் இழுக்கும் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மலையைக் குடைந்தும், பள்ளத்துக்குப் பாலம் கட்டியும், ஆற்றை ஒட்டி வளைந்தும் சரிவைக் குறைத்துத்தான் தடம் போட்டார்கள். மலைமுகட்டில் இருந்து பிட்ஸ்பர்க் பக்கம் இறங்கும்போது சரிவு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இறங்குகிறோம் என்றே தெரியாது, ஆனால் பெடல் லேசாக இருக்கும். எழுபது வயது முழங்காலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

டாக்டரிடம் கேட்டோம், பிரஷர் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டு போய் வாருங்கள் என்றார். அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்வி.

"லாரி வருமா?"

"மோட்டார் வண்டியே விட மாட்டாங்கப்பா."

"அப்போ வாரேன்."

28க்கு ஒன்றரை

அக்டோபர் இரண்டாவது வார நீண்ட விடுமுறையில் கிளம்பினோம். போகிற வழியில் பிட்ஸ்பர்க் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயிலில் இறங்கி, பெருமாளைச் சேவித்து, கேன்டீனில் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டோம். திட்டம் இதுதான்: அப்பா, பதிமூன்று வயது மகள், நான் மூவரும் சைக்கிளில். மனைவியும் சின்னவனும் காரில் அடுத்த ஊருக்குப் போய்க் காத்திருப்பார்கள். மூன்று நாளில் ஏறக்குறைய 85 கிலோமீட்டர்.

அப்பாவுக்கு வாடகைக்கு ஒரு சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "ஸ்டாண்டு இல்ல, கேரியர் இல்ல, மட்கார்டு இல்ல, பெல்லும் இல்ல. முழு சைக்கிளுக்குத்தான காசு வாங்குதான்?" என்றார். பெல் மட்டும் என் மகள் தன் சைக்கிளில் இருந்து கழற்றி மாட்டிக் கொடுத்தாள்.

கொரோனா காலத்தில் நான் வாங்கிய கிராவல் பைக்கை அப்போதுதான் அப்பா சரியாகப் பார்த்தார். கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது, டயர் தடிமன், அதற்குத்தான் இவ்வளவு விலை என்று பெருமையாகச் சொன்னேன். அப்பா டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார். "நம்ம சைக்கிள் டயர் 28க்கு ஒண்ணரை. இதுவும் அந்தத் தடிதான இருக்கு?" என்றார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். என் டயர் 40. முப்பத்து நான்கு வருடம் அவர் ஓட்டியதும் கிராவல் பைக்தான், பெயர்தான் தெரியவில்லை.

பாதையும் அவருக்குப் புதிதில்லை. சுண்ணாம்புக்கல்லைப் பொடியாக அரைத்துப் பரப்பி உருளை விட்டிருக்கிறார்கள். மழை பட்டு இறுகியதும் கிட்டத்தட்ட சிமென்டுத் தரை மாதிரி ஆகிவிடுகிறது. ஆனாலும் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். அப்பா செருப்பால் தேய்த்துப் பார்த்து, "கிரஷர் தூசி" என்று முடிவு சொன்னார்.

டீல் என்ற சின்ன ஊரில் தொடங்கினோம். குளிருக்குக் குரங்குக் குல்லா, அதற்கு மேல் ஹெல்மெட். அந்தக் கோலத்தில் அப்பா இடது பெடலில் ஒரு காலை வைத்து, தரையை இரண்டு உந்து உந்தி, வலது காலைப் பின்பக்கமாக வீசி ஏறினார். என் மகள் வாயைப் பிளந்துவிட்டாள். "தாத்தா, அது எப்படி பண்ணினீங்க? ஒன்ஸ் மோர்!" இறங்கி மறுபடி ஏறிக் காட்டினார். ஜூலைக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இரண்டு கடலுக்கு ஒரு முகடு

டீலில் இருந்து ஒரு மைல் மேலே போனால் இந்தப் பாதையிலேயே உயரமான இடம், 2,392 அடி. இங்கே பெய்கிற மழையில் ஒரு பக்கம் விழுவது செசபீக் விரிகுடா வழியாக அட்லாண்டிக் கடலுக்குப் போகும். மறுபக்கம் விழுவது ஒஹாயோ, மிசிசிப்பி ஆறுகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகும். அங்குள்ள சின்னச் சுரங்கவழிச் சுவரில் இதையெல்லாம் படமாக வரைந்து வைத்திருக்கிறார்கள். மகள் படித்து விளக்கினாள்.

"நம்ம பொதிகை மலையும் அப்படித்தாட்டி" என்றார் அப்பா. "இந்தப் பக்கம் விழுந்தா தாமிரபரணி, கிழக்குக் கடல். அந்தப் பக்கம் விழுந்தா கேரளா, மேக்குக் கடல். மழைக்குத் தெரியுமா எந்தப் பக்கம் விழுறோம்னு?"

இன்னும் கொஞ்சம் போனால் பிக் சாவேஜ் சுரங்கம். 3,294 அடி, அதாவது ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு உண்டு, ஆனாலும் குளிர் எலும்பில் ஏறும். பனிக்கட்டி சுவரைப் பிளந்துவிடும் என்பதால் குளிர்காலத்தில் கதவு போட்டு மூடிவிடுவார்கள். மகள் கூச்சல் போட்டு எதிரொலி கேட்டாள். அப்பா பெல் அடித்தார். அந்தச் சின்ன பெல் சத்தம் சுரங்கத்தின் கடைசி வரை போய்த் திரும்பியது. மறுபுறம் வெளியே வந்தால், மேரிலாந்து மலைகள் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காகத் தெரிகின்றன. அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம்.

திரும்பி இறங்கும்போது மையர்ஸ்டேல். பழைய ரயில் நிலையம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. இந்த ஊர் மேப்பிள் பாகுக்குப் பேர் போனது. குளிர்காலம் முடியும்போது மரத்தில் துளை போட்டு வடிகிற நீரைக் காய்ச்சுவார்கள், நாற்பது லிட்டர் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு. அப்பா ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். "பதநீ காய்ச்சுற மாதிரிதான். கருப்பட்டிக்குப் பக்கத்துல வராது. ஆனா மோசமில்ல."

அதைத் தாண்டியதும் சாலிஸ்பரி பாலம், 1,908 அடி நீளம், நூறு அடி உயரம். கீழே காசல்மன் ஆறு, நெடுஞ்சாலை, ரயில் பாதை, சோளக்காடு எல்லாம் பொம்மை மாதிரி கிடந்தன. தூரத்து மலைமேல் காற்றாலைகள் சுற்றின. "முப்பந்தல்!" என்றார் அப்பா. பாலத்தின் நடுவில் நின்று, கீழே நெடுஞ்சாலையில் வரிசையாக ஓடிய லாரிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு உயரத்தில் இருந்து பார்க்கும்போது லாரிகளுக்கும் சத்தம் இல்லை.

அன்று ராக்வுட் போய்ச் சேர்ந்தபோது மொத்தம் 40 கிலோமீட்டர் ஆகியிருந்தது. எனக்குத்தான் தொடை வலித்தது.

முள்

இரண்டாவது நாள் ராக்வுட்டில் இருந்து கன்ஃப்ளூயன்ஸ், 29 கிலோமீட்டர். இந்தப் பகுதியில்தான் பள்ளத்தாக்கு குறுகி, ஆறு கூடவே வருகிறது. எதிர்க்கரையில் சரக்கு ரயில் போனால் மட்டும் சத்தம். மற்ற நேரமெல்லாம் டயருக்கடியில் கல்பொடி நறநறப்பது, ஆறு, இலை விழுவது, அவ்வளவுதான். ஒருகாலத்தில் சுரங்கத்தில் இருந்து வடிந்த அமிலநீரால் கெட்டுப்போன ஆறு இது. இன்றைக்கு இடுப்பளவு தண்ணீரில் நின்று தூண்டில் போடுகிறவர்களைப் பார்த்தோம்.

மார்க்கிள்டன் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என் பின்டயரில் காற்று இறங்கியது. போனில் சிக்னல் இல்லை. பரவாயில்லை, எல்லாம் இருக்கிறது என்று தைரியமாகப் பையைத் திறந்தேன். புது டியூபை மாட்டி, சின்ன காஸ் சிலிண்டரால் ஒரே நொடியில் காற்று நிரப்பினேன். 'டப்' என்று ஒரு சத்தம். டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழிந்துவிட்டது. யூடியூபில் பார்த்தபோது சுலபமாகத்தான் இருந்தது.

இதுவரை பேசாமல் நின்ற அப்பா, "தள்ளு" என்றார்.

பழைய டியூபை எடுத்து, கைப்பம்பால் காற்றடித்து, பாதையோரம் ஓடிய ஓடையில் முக்கினார். வால்வில் இருந்து தொடங்கி ஒரு சுற்று. ஒரு இடத்தில் பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. மகள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவிவிட்டு சும்மா உட்கார்ந்தார். நான் பட்சை எடுத்து ஒட்டப் போனேன்.

"பொறுல. கையில ஒட்டாம காயணும். ஈரத்துல ஒட்டினா நிக்காது."

அது காயும்வரை டயரின் உள்பக்கத்தில் விரலை வைத்து மெதுவாக ஒரு சுற்று வந்தார். ஒரு இடத்தில் நின்று, நகத்தால் நெம்பி, அரிசி அளவு ஒரு முள்ளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "டியூப்ப ஒட்டுறது பெருசில்ல. இத எடுக்காம ஒட்டினா பத்து தடவ ஒட்டணும்."

மகள் ஓடையில் கல் எறியப் போய்விட்டாள். எனக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று பட்டது.

"அப்பா, அன்னைக்கு ரோட்டுல நான் அப்படி கத்தியிருக்கக் கூடாது."

அப்பா பட்சை வைத்துக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே சொன்னார். "நீ கத்துனது சரிதான். நான் ரொம்பப் பயந்துட்டேன் பாத்துக்கோ. முப்பத்து நாலு வருசத்துல ஒரு நாள்கூட சைக்கிள்ல இருந்து விழுந்ததில்ல. நான் பயந்தது உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன்."

மூன்று மாதமாக அவர் கோபத்தில் இருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஞ்சர் ஒட்டி முடிய நாற்பது நிமிடம். பிங்கர்டன் சுரங்கம் வழியாக மாலைக்குள் கன்ஃப்ளூயன்ஸ் வந்துவிட்டோம்.

மூன்று ஆறு கூடும் ஊர்

கன்ஃப்ளூயன்ஸ் என்றாலே கூடல்தான். காசல்மன் ஆறும், லாரல் ஹில் ஓடையும், யாக்கிகேனி ஆறும் இங்கே சேருகின்றன. 1754இல் இளைஞராக இந்தப் பக்கம் வந்த ஜார்ஜ் வாஷிங்டன், மூன்று நீரும் சேரும் வடிவத்தைப் பார்த்து வான்கோழிக்கால் என்று பொருள்படும் டர்க்கிஃபுட் என்ற பெயரைக் குறித்திருக்கிறார். யாக்கிகேனி என்பது பழங்குடிப் பெயர். உள்ளூர்க்காரர்கள் செல்லமாக 'யாக்' என்கிறார்கள். அப்பாவுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. "கேணின்னு பேர வச்சிட்டு ஆறா ஓடுது பாரு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் ஆற்றங்கரையில் நடந்தோம். இனியும் தள்ளிப்போட முடியாது என்று, படிவத்தைப் பற்றிச் சொன்னேன். இங்கேயே இருந்துவிடலாம், பேத்தி பேரனோடு இருக்கலாம், டாக்டர் செலவுக்கு வழி பார்த்துக்கொள்ளலாம் என்று மனப்பாடம் செய்துவைத்த எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "இந்த ரோடு உன் வீட்டு வாசல்ல இருந்தா இருந்திருப்பேன்."

"அப்பா..."

"வெளையாட்டுக்குச் சொல்லல. அங்க ஒரு கட்டு வெத்தல வாங்கணும்னா நானே போவேன். இங்க ஒரு கொத்தமல்லிக்கு உன்னையோ உன் பொண்டாட்டியையோ கேக்கணும். நீங்க நல்லாத்தான் பாத்துக்கிடுதிய. குறை சொல்லல. ஆனா பாத்துக்கிடுததுக்கு மட்டுமே ஒரு ஆளு உக்காந்திருக்க முடியாதுல்லா?"

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தார். "அங்க தினமும் ஆத்துல குளிக்கேன். உங்க அம்மாவ அதுலதான கரைச்சோம்."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. நம்ம சீவலப்பேரியில் தாமிரபரணியும் சிற்றாறும் கூடுவது நினைவுக்கு வந்தது. இங்கேயும் ஆறுகள் கூடத்தான் செய்கின்றன. ஆனால் அவருடைய ஆறு இது இல்லை.

மூன்றாவது நாள் ஒஹாயோபைல் வரை பதினேழு கிலோமீட்டர்தான். 1986இல் முதலில் திறந்த துண்டு இதுதான். காட்டின் நிழலில் இருந்து ஆற்றைப் பார்த்தபடியே போகலாம். ஒஹாயோபைலில் ஆறு இருபது அடி உயரத்தில் இருந்து அகலமாக விழுகிறது. கீழ்ப்பக்கம் ரப்பர் படகில் பாறைகளுக்கு நடுவே அடித்துக்கொண்டு போகிறார்கள். பக்கத்தில்தான் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களில் அருவிக்கு மேலேயே கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு, இப்போது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். அப்பா அருவியைப் பார்த்துவிட்டு, "குளிக்க விடுவானா?" என்றார். அருவிக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்க அனுமதியில்லை. "குத்தாலத்துக்காரன் கெட்டிக்காரன்" என்றார்.

எங்கள் வீட்டுப் பக்கமே

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் மகள் வரைபடத்தைக் காட்டி, "டாடி, இது என்ன?" என்றாள். கயஹோகா பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவுக்குள் பழைய கால்வாய்க்கரையில் போகிற டோபாத் பாதை. அதே சுண்ணாம்புக்கல் பொடி, அதே ஆற்றோரம், அதே மாதிரி கார் இல்லாத பாதை. எங்கள் வீட்டில் இருந்து காரில் பதினைந்து நிமிடம். பதினொரு வருடமாக அதன் மேலுள்ள பாலத்தில் ஆபீஸுக்குப் போய் வந்திருக்கிறேன். கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

மீதி மூன்று வாரம் காலையில் அப்பாவை அங்கே இறக்கிவிட்டுப் போனேன். பதினொரு மணிக்கு மனைவி போய் அழைத்து வருவாள். தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினார். நாயோடு நடக்க வரும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா சிநேகமாகிவிட்டார். இருவருக்கும் பொதுவாக இருந்த ஆங்கிலம் பத்து வார்த்தை இருக்கும். ஜன்னலோர நாற்காலி காலியாகவே கிடந்தது.

மே மாதமே இதைத் தேடியிருக்கலாமே என்ற குறை எனக்கு இன்னும் இருக்கிறது. அப்பா நவம்பரில் கிளம்பிவிட்டார். படிவம் டிராயரிலேயே இருக்கிறது.

நீங்களும் போக நினைத்தால்

* முழுப் பாதையும் போக வேண்டும் என்பதில்லை. குழந்தைகள், பெரியவர்களோடு என்றால் கன்ஃப்ளூயன்ஸ் – ஒஹாயோபைல் துண்டு ஒரு நாளுக்குப் போதும். மேலே சொன்ன மூன்று நாள் பயணம் முகட்டில் இருந்து தொடங்குவதால் பெரும்பாலும் இறக்கம்தான்.
* இதற்கென்று விலையுயர்ந்த சைக்கிள் தேவையில்லை. டயர் 35 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் நல்லது. காற்றைக் கல்மாதிரி அடைக்காமல் கொஞ்சம் குறைவாக வைத்தால் அதிர்வு தெரியாது. வாடகைக் கடைகள் வழியில் உண்டு.
* பிக் சாவேஜ் சுரங்கம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். தேதியைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அக்டோபரில் இலை நிறம் மாறும் வாரங்களில் தங்குமிடம் கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.
* பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் வேலை செய்யாது. எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று காரில் வருபவரோடு முன்பே பேசி வையுங்கள். மாற்று டியூப், பட்ச், கைப்பம்பு, முன்விளக்கு கட்டாயம் வேண்டும்.
* மோட்டார் வண்டி வராது என்றாலும், பாதை சில இடங்களில் ஊர் ரோட்டைக் குறுக்கே கடக்கும். அங்கே நின்று பார்த்துத்தான் போக வேண்டும். நடப்பவர்களைத் தாண்டும்போது பெல் அடியுங்கள்.
* இதையெல்லாம்விட முக்கியம்: அம்மா அப்பா வருவதற்கு முன்னாலேயே உங்கள் ஊரில் இப்படி ஒரு பாதை இருக்கிறதா என்று தேடி வையுங்கள். பழைய ரயில் தடங்களைப் பாதையாக மாற்றுவது அமெரிக்காவில் மட்டுமில்லை, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது. கார் ஓட்டத் தெரியாத ஒருவருக்கு இந்த நாடுகளில் தன் காலில் போய்வர இருக்கிற இடம் அநேகமாக அதுதான்.

போன வாரம் அப்பா வீடியோவில் வந்தார். பின்னால் திண்ணையில் அவருடைய பழைய சைக்கிள், ஓவர்ஆயிலிங் செய்து, ஸ்போக்ஸ் கம்பியெல்லாம் மினுங்கியது. பேத்தியிடம் சுழற்றிக் காட்டினார். அடுத்த வருடம் மே மாதம் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மூன்று மாதத்துக்கு மட்டும். இந்த முறை கனெல்ஸ்வில் வரை போக வேண்டுமாம்.

போனை வைக்கும்முன் என்னிடம் ஒரு வேலை சொன்னார். "அந்த வாடக சைக்கிள்காரன்ட்ட இப்பவே கேட்டு வை. பெல்லும் ஸ்டாண்டும் உள்ள வண்டி ஒண்ணு இருக்கான்னு."